தடம் மாறக்கூடிய பையன்களுக்கு அண்ணனாக இருப்பது: கோடை முகாமும், அதற்கு முன்னும் பின்னும்

எங்கள் முதல் கோடை முகாமை நினைத்தால் இன்னும் மனசு கனக்கிறது. வடசென்னையில் நாலு தெருவிலிருந்து, அதிகமாகப் புகார் வந்த 20 பையன்களாகப் பார்த்து எடுத்து, ஏலகிரிக்கு ஆறு நாள் கூட்டிப் போனோம். மலை ஏறினார்கள், சமைத்தார்கள், கடைசி இரவில் கட்டிப்பிடித்து அழுதார்கள். நாங்களும் அழுதோம். ஊர் திரும்பி ஒரு மாதம் ஆனதும்தான் விஷயம் புரிந்தது. அதுவரை ஒருவரையொருவர் தெரியாமல் இருந்த நாலு தெருப் பையன்களும் ஒரே கூட்டமாகச் சுற்ற ஆரம்பித்திருந்தார்கள். சிகரெட் வரைக்கும் மட்டும் போயிருந்தவனுக்குக் கஞ்சா எங்கே கிடைக்கும் என்று இப்போது தெரிந்திருந்தது. அந்தச் சகவாசத்தை உண்டாக்கிக் கொடுத்தது நாங்கள்தான்.

பிறகுதான் தெரிந்துகொண்டேன், இது எங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. அமெரிக்காவில் பாஸ்டனுக்குப் பக்கத்தில் கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்று இரண்டு ஊர்கள். அங்கே ரிச்சர்ட் கேபட் என்ற மருத்துவர் தொடங்கிவைத்த திட்டம் 1939 முதல் 1945 வரை நடந்தது. 506 பையன்களை ஒரே மாதிரியான குடும்பச் சூழல், குணம் பார்த்து ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒருவனுக்கு மட்டும் உதவினார்கள். வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது, பாடம் சொல்லித்தருவது, மருத்துவம், கோடை முகாம் எல்லாம் உண்டு. சராசரியாக ஐந்து வருடத்துக்கும் மேலே. முப்பது வருடம் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடிப்பிடித்து, 1978இல் முடிவை வெளியிட்டார். உதவி பெற்றவர்களின் நிலை, பெறாதவர்களைவிடச் சில விஷயங்களில் மோசமாக இருந்தது. இத்தனைக்கும் அவர்களில் பெரும்பாலோர் அந்தத் திட்டம் நல்லது செய்தது என்றே சொன்னார்கள். பின்னாளில் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தபோது, ஒரு முறைக்கு மேல் கோடை முகாமுக்கு அனுப்பப்பட்ட பையன்களிடம்தான் பாதிப்பு அதிகம் தெரிந்தது.

காரணம் என்னவாக இருக்கும் என்பதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம் எளிமையானது. சேட்டைக்காரப் பையன்களை மட்டும் ஒன்றாக உட்கார வைத்தால், திருட்டுக் கதைக்கும் சண்டைக் கதைக்கும் சிரிப்பு கிடைக்கிறது. அந்தச் சிரிப்புதான் பரிசு. பரிசு கிடைத்ததைப் பையன் மறுபடி செய்கிறான்.

அதனால் முகாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. இப்போதும் ஒவ்வொரு மே மாதமும் நடத்துகிறோம். ஆனால் வருடம் முழுக்க ஒரு பெரியவர் கூட இருக்கும் பையனுக்கு மட்டும்தான் அந்த மலையில் இடம். அந்தப் பெரியவரைத்தான் அண்ணன் என்கிறோம். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகும். முகாம் நடுவில்தான் வரும்.

முதல் படி: எத்தனை வருடம் இருப்பீர்கள்?

பணம், இடம், பெயர்ப்பலகை எல்லாவற்றுக்கும் முன்னால் இந்தக் கேள்வி. அமெரிக்காவில் பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் என்ற பழைய அமைப்பு இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று சேர்த்துவிடுவது அதன் வேலை. அதைப் பற்றிய 1995ஆம் வருட ஆய்வு, இப்படிச் சேர்க்கப்பட்ட பிள்ளைகள் போதைப் பழக்கம் தொடங்குவது 46 சதவீதம் குறைவாக இருந்ததாகச் சொன்னது. எல்லோரும் இந்த எண்ணைத்தான் எடுத்துச் சொல்வார்கள். அதே பிள்ளைகளைப் பற்றி 2002இல் வந்த இன்னொரு கணக்குதான் நமக்கு முக்கியம். ஒரு வருடத்துக்கு மேல் நீடித்த உறவில்தான் நல்ல பலன் தெரிந்தது. மூன்று மாதத்துக்குள் பெரியவர் விலகிப்போன பிள்ளைகள், தங்களைப் பற்றியே முன்பைவிடக் கீழாக நினைக்க ஆரம்பித்தார்கள். ஏற்கெனவே அப்பா விட்டுப்போன பையன் வீட்டுக்கு நாமும் போய் மூன்று மாதத்தில் காணாமல் போனால், அவன் மனசில் அது எப்படிப் பதியும்?

எங்கள் விதி: சேருகிறவர் இரண்டு வருடத்துக்கு வாக்கு கொடுக்க வேண்டும். பையனுக்கு 18 வயது ஆகும்வரை இருக்கப் பார்க்க வேண்டும். அடுத்த வருடம் பெங்களூருக்கு மாற்றல் வரலாம் என்று நினைப்பவர் முகாமில் உதவலாம், பாடம் எடுக்கலாம், கணக்கு எழுதலாம். அண்ணனாக வேண்டாம். கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்.

ஒரு அண்ணனுக்கு ஒரு பையன். மிஞ்சினால் இரண்டு. ஆறு பெரியவர்கள் கிடைத்தால் ஆறு பையன்களோடு தொடங்குங்கள். அறுபது பேர் வரிசையில் நிற்கிறார்களே என்று மனசு அடித்துக்கொள்ளும். ஆறோடு தொடங்குங்கள்.

பெரியவர்களைச் சேர்ப்பது

நல்லவர் போலத்தான் தெரிகிறார் என்பது போதவே போதாது. காவல்துறையின் நன்னடத்தைச் சரிபார்ப்புச் சான்று வாங்குங்கள். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். அவரோடு வேலை பார்த்த இருவரிடம் நேரில் பேசுங்கள். மூன்று மாதம் மைதானத்தில் எல்லோர் கண்ணெதிரிலும் வந்துபோகட்டும். பிறகுதான் ஒரு பையனோடு சேர்ப்பது. அவசரப்படுத்துகிறவரிடம் கூடுதல் கவனம் வையுங்கள்.

விதிகளை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பூட்டிய அறையில் பையனோடு தனியாக இருக்கக் கூடாது. சந்திப்பு பொது இடத்தில்தான். அண்ணன் வீட்டில் இரவு தங்கல் கிடையாது. ராத்திரி நேரத்தில் தனி மெசேஜ் கிடையாது. பணம் கடன் கொடுப்பது, ரகசியப் பரிசு, இரண்டுமே கூடாது. பையன் எதிரே குடியோ சிகரெட்டோ கூடாது. சிறாருக்கு மதுவோ புகையிலையோ கொடுத்தால் இளைஞர் நீதிச் சட்டப்படி ஏழு வருடம் வரை சிறை உண்டு என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டம் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் இன்னும் நிறையப் பேர். 2012ஆம் வருடச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. ஆண் பிள்ளைகள் சொல்ல மாட்டார்கள், அதுதான் வித்தியாசம். "நீ ஆம்பளைதானே" என்று சிரித்துவிடுவார்கள் என்ற பயம். ஒரு பையன் சொல்லிவிட்டால், "சொன்னது நல்லது, உன் மேல் எந்தத் தப்பும் இல்லை" என்று சொல்லுங்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்கு கொடுக்காதீர்கள், கொடுக்கவும் முடியாது. தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே சட்டப்படி குற்றம். சிறார் உதவி எண்ணான 1098க்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

எந்தப் பையன்?

பத்து பதினொரு வயது, அதாவது ஆறாம் வகுப்பு, தொடங்குவதற்கு நல்ல வயது. பதினைந்தில் தொடங்கினாலும் பலன் உண்டு, ஆனால் முதல் ஒரு வருடம் உங்களைச் சோதிப்பதிலேயே போய்விடும்.

தலைமையாசிரியரிடம் போய் "பிரச்சினைக்காரப் பையன்கள் பட்டியல் கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். கொடுத்துவிடுவார், அந்தப் பட்டியல் பையன்கள் காதுக்கும் போய்விடும். எந்தப் பையன்கள் திங்கட்கிழமைகளில் வருவதில்லை, யார் மதிய உணவு வரை இருந்துவிட்டுப் பிறகு காணாமல் போகிறார்கள், யார் முகூர்த்த நாட்களில் கேட்டரிங் வேலைக்குப் போகிறார்கள் என்று கேளுங்கள். சத்துணவு அமைப்பாளருக்கு இது ஆசிரியரைவிட நன்றாகத் தெரியும். கால்பந்து சொல்லித்தரும் மாஸ்டருக்கும் தெரியும். வியாசர்பாடி மாதிரியான இடங்களில் மைதானம்தான் இன்னொரு பள்ளிக்கூடம். சென்னையில் காவல்துறை நடத்தும் சிறார் மன்றங்களையும் போய்ப் பாருங்கள்.

கூர்நோக்கு இல்லத்திலிருந்து (வழக்கில் சிக்கிய சிறாரை வைத்திருக்கும் இடம்) வெளியே வந்த பையனைச் சேர்க்க விரும்பினால் நன்னடத்தை அலுவலர் வழியாகப் போங்கள். அவன் வழக்கைப் பற்றி உங்கள் குழுவில் எல்லோருக்கும் தெரிய வேண்டியதில்லை. அவன் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி தவறு. முகாம் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடும் ஆசைக்கும் இது பொருந்தும்.

எங்கள் முதல் தவறிலிருந்து வந்த விதி ஒன்று. பத்துப் பேரில் மூன்று பேருக்கு மேல் புகார் உள்ள பையன்கள் இருக்கக் கூடாது. மீதி ஏழு பேர் அதே தெருவில், அதே வறுமையில், இன்னும் சுமாராகப் போய்க்கொண்டிருக்கும் பையன்கள். அவர்களுக்கும் ஒரு அண்ணன் தேவைதான். அப்புறம், யாரும் எங்கும் "தடம் மாறக்கூடிய பையன்" என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. இந்தக் கட்டுரைத் தலைப்பில் நான் எழுதியிருப்பது உங்களுக்காக. அவர்கள் காதில் விழும் இடத்தில் "எங்கள் பசங்க" என்ற ஒரே பெயர்தான்.

அம்மாவைப் பார்ப்பது

சேர்ப்பதற்கு முன் குறைந்தது இரண்டு முறை வீட்டுக்குப் போங்கள். ஞாயிறு சாயங்காலம் நல்ல நேரம், அம்மா வேலையிலிருந்து வந்து கொஞ்சம் மூச்சு விட்டிருப்பார். செருப்பை வெளியே விடுங்கள், கீழே உட்காருங்கள், கொடுக்கும் டீயைக் குடியுங்கள். அக்கா, அம்மா என்று வயசுக்குத் தகுந்தபடி கூப்பிடுங்கள். பையனைப் பற்றிப் புகார் சொல்ல வந்தவர் என்றுதான் முதலில் நினைப்பார், ஏனென்றால் இதுவரை வந்தவர்கள் எல்லோரும் அதற்குத்தான் வந்தார்கள். எனவே முதல் வார்த்தையே அவன் நன்றாகச் செய்யும் ஒன்றைப் பற்றி இருக்கட்டும். உண்மையாக இருக்க வேண்டும், பொய்யைத் தாய் கண்டுபிடித்துவிடுவார்.

அப்பா குடிக்கிறார் என்றாலும் அவரைப் பற்றி ஒரு சொல் தவறாகப் பேசாதீர்கள். பையன் தன் அப்பாவைத் திட்டலாம், நீங்கள் திட்டக் கூடாது.

வாரா வாரம்

இதுதான் மொத்த வேலையில் முக்கால் பங்கு. எழுதுவதற்கு அதிகம் ஒன்றுமில்லை, செய்வதற்குத்தான் கஷ்டம். வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், இரண்டு மணி நேரம். சனிக்கிழமை நாலரை மணி என்றால் மழை பெய்தாலும் நாலரை மணி. முதல் நாலைந்து வாரம் பையன் வரமாட்டான். வேண்டுமென்றே தெரு முனையில் நின்று நீங்கள் வந்தீர்களா என்று பார்த்துவிட்டுப் போய்விடுவான். நீங்கள் அரை மணி நேரம் காத்திருந்து, வீட்டில் "வந்தேன் என்று சொல்லுங்கம்மா" என்று சொல்லிவிட்டு வாருங்கள். அடுத்த வாரம் "ஏண்டா வரல?" என்று கேட்காதீர்கள்.

என்ன செய்வது? பெரிதாக எதுவும் வேண்டாம். பஸ் ஏறிக் கடற்கரைக்குப் போவது, இ-சேவை மையத்தில் ஆதாரில் பெயர்ப் பிழை திருத்துவது, அஞ்சலகத்தில் கணக்குத் தொடங்குவது, பஞ்சர் ஒட்டுவது, கன்னிமாரா நூலகத்தில் சும்மா சுற்றிப் பார்ப்பது. பக்கத்தில் நடந்துகொண்டே பேசினால் பையன்கள் பேசுவார்கள். எதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்துக் கேட்டால் வாய் மூடிவிடும்.

அட்வைஸ் வேண்டாம். அவனுக்கு அது நாள் முழுக்கக் கிடைக்கிறது. அவன் சொல்வதைக் கேளுங்கள், போன வாரம் சொன்னதை இந்த வாரம் ஞாபகம் வைத்துக் கேளுங்கள். "அந்தப் புறா குஞ்சு பொரிச்சுதா?" என்று நீங்கள் கேட்கும்போது அவன் முகத்தைப் பாருங்கள்.

ஒவ்வொரு சந்திப்புக்கும் நாலு வரி குறிப்பு எழுதுங்கள். மாதம் ஒரு முறை அண்ணன்கள் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள், முடிந்தால் ஒரு மனநல ஆலோசகரையும் வைத்துக்கொண்டு. அண்ணன்களுக்கும் சோர்வு வரும். அதைச் சொல்ல இடம் வேண்டும்.

முகாம்

குறைந்தது ஆறு மாதம் வாராந்திரச் சந்திப்பு நடந்த பையன் மட்டும்தான் முகாமுக்கு. அவனுடைய அண்ணனும் கூட வர வேண்டும். பன்னிரண்டு பையன்களுக்கு எட்டுப் பெரியவர்கள், ஐந்து நாள், இதுதான் எங்கள் கையில் தாங்கிய அளவு. ஒரு தெருவிலிருந்து இரண்டு பேருக்கு மேல் வேண்டாம்.

தேதி: அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை போகும். அந்த நாட்களில் தகரக் கூரை வீட்டிலிருந்து பையனை மலைக்குக் கூட்டிப் போவதே பாதி உதவி. ஆனால் பத்தாம் வகுப்பு முடிவுகளும் மே மாதத்தில்தான் வரும். தேர்வு எழுதிய பையன் இருந்தால், முடிவு வரும் நாளில் அவன் வீட்டில், உங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். மலையில் சிக்னல் இல்லாத இடத்தில் அல்ல. தோற்றவனுக்குத் துணைத் தேர்வு உடனே இருக்கிறது என்பதை அன்றே சொல்லுங்கள். 104, 14417 எண்களில் ஆலோசனை கிடைக்கும்.

இடம்: ஏலகிரி எங்களுக்கு ஒத்துவந்தது. ஜோலார்பேட்டை வரை ரயில், அங்கிருந்து மலைக்குப் பேருந்து. சுமார் 1,100 மீட்டர் உயரம், ரொம்பக் குளிரும் இல்லை. மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர். பாரி வளைவில் ஒருவன் வாந்தி எடுப்பான், அதியமான் வளைவில் இன்னொருவன். ஓமமும் பிளாஸ்டிக் பையும் கையில் வைத்திருங்கள். பக்கத்து ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 2.3 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி அங்கே உண்டு. பார்வையாளர் நேரத்தை முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொண்டு போங்கள். அனுமதி கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. சோடியம் விளக்கு வெளிச்சத்திலேயே வளர்ந்த பையன், பால்வீதியை மொட்டை மாடியிலிருந்து பார்த்தாலே போதும். எங்கள் பையன் ஒருவன் அதை மேகம் என்றே கடைசிவரை சாதித்தான்.

மலையேற்றத்துக்கு வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு அடி வைக்காதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. வனச்சரக அலுவலகத்தில் கேட்டு, அவர்கள் சொல்லும் பாதையில், அவர்கள் சொல்லும் வழிகாட்டியோடு போங்கள். தீப் பருவம் என்று பாதையை மூடியிருந்தால் தோட்டத்தில் வேலை செய்யுங்கள், கிராமத்தைச் சுற்றி வாருங்கள். பையன்களுக்கு உச்சிதான் வேண்டும் என்றில்லை.

தண்ணீர் விஷயத்தில் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்வதில்லை. கோடை விடுமுறையில் கிணற்றிலும் ஏரியிலும் கல்குவாரியிலும் முழுகிச் சாகும் பிள்ளைகளின் செய்தி வராத வாரம் இல்லை. முகாமில் எந்த நீர்நிலையிலும் இறங்கக் கூடாது. கரையில் நின்று காப்பாற்றும் முறையை மட்டும் சொல்லித் தருகிறோம். யாராவது முழுகினால் குதிக்காதே, கத்தி ஆள் கூப்பிடு, கயிறோ வேட்டியோ நீளக் குச்சியோ நீட்டு, காலிப் பிளாஸ்டிக் குடத்தை மூடிக் கயிறு கட்டி எறி. தரையில் ஒருவன் "முழுகுபவனாக" நடித்து, எல்லோரும் குடம் எறிந்து பழகட்டும். ஊரில் ஒருநாள் உதவும்.

பாம்புக்கு: இரவில் டார்ச் இல்லாமல் யாரும் கழிவறைக்கும் போகக் கூடாது, தனியாகவும் கூடாது. கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கயிறு, மோதிரத்தைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108க்கு அழைத்து அரசு மருத்துவமனைக்கு. விஷமுறிவு மருந்து எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்பதை முகாமுக்கு ஒரு வாரம் முன்பே நேரில் போய்க் கேட்டு வையுங்கள். வெயிலுக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம். தீர்ந்துபோனால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

முதல் நாள்: போன்களை வாங்கிப் பையில் போட்டுவிடுவோம், அண்ணன்கள் போனும் சேர்த்து. தினமும் ராத்திரி எட்டு மணிக்கு அம்மாவோடு பேச எல்லோருக்கும் ஐந்து நிமிடம். சோதனை போட்டுப் பையைக் கவிழ்ப்பதில்லை. "யாரிடமாவது ஹான்ஸ், கூல் லிப் மாதிரிப் புகையிலை இருந்தால் இந்த டப்பாவில் போடுங்கள், பெயர் கேட்க மாட்டோம்" என்று ஒரு டப்பாவை வைத்துவிட்டு வெளியே போய்விடுவோம். பெரும்பாலும் டப்பா நிறைந்திருக்கும். இரண்டாம் மூன்றாம் நாள் அந்தப் பையன்களுக்கு எரிச்சல், தலைவலி, தூக்கமின்மை வரும். அது ஒழுங்கீனம் இல்லை, பழக்கம் விடுபடுவதன் அறிகுறி. நிறையத் தண்ணீர், கடலை மிட்டாய், பக்கத்தில் ஒரு ஆள். படுக்கை நனைப்பவர்களும் இருப்பார்கள், பதின்மூன்று வயதிலும்கூட. கூடுதல் போர்வைகள் எடுத்துப் போங்கள். விடியும் முன் அண்ணன் சத்தமில்லாமல் மாற்றிவிட வேண்டும். மற்றவர்களுக்குத் தெரிந்தால் அந்தப் பையனுக்கு முகாம் அன்றோடு முடிந்தது.

சமையலை வெளி ஆளிடம் விடாதீர்கள். நாலு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு வேளையும் ஒரு குழு சமைக்கட்டும், பாத்திரம் கழுவட்டும். குழுவை நீங்களே பிரியுங்கள், தெருவும் சாதியும் கலந்து வரும்படி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் உடன் படித்த மாணவர்களே சாதி வெறியில் ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை வைத்து அரசு ஒரு நபர் குழு அமைத்தது. மாணவர்கள் கையில் கட்டும் சாதிக் கயிறு கூடாது என்றும் அந்தக் குழு பரிந்துரைத்தது. நம் பையன்களுக்குள்ளும் சாதி உண்டு, சென்னையில் வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான். ஒருவன் வடித்த சோற்றை இன்னொருவன் சாப்பிடுவதைப் பற்றி யாரும் பேருரை ஆற்ற வேண்டாம். சாப்பிடட்டும். அரிசியை வேளைக்கு ஆளுக்கு 200 கிராம் என்று கணக்கிடுங்கள், 150 போதாது. முட்டை தினமும்.

சிகாகோவில் பிகமிங் எ மேன் என்று பையன்களுக்கான ஒரு திட்டம் இருக்கிறது. அதிலிருந்து ஒரு விளையாட்டை எடுத்துக்கொண்டோம். இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒருவன் கையில் பந்து. மற்றவனிடம், "முப்பது விநாடிக்குள் அவன் கையிலிருந்து பந்தை எடு" என்று சொல்வது. உடனே இழுபறி, முறுக்கு, கீழே விழுவது. முடிந்ததும் கேட்க வேண்டும்: "யாராவது 'பந்தைக் கொடுடா' என்று கேட்டீர்களா?" ஒரு நிமிடம் அமைதியாகிவிடுவார்கள். அப்புறம் ஒருவன், "கேட்டா கேணைன்னு நெனப்பான்ணா" என்பான். அங்கிருந்து பேச்சு தொடங்கும், தெருவில் நடந்த சண்டைகள் எல்லாம் வரும். அந்தத் திட்டத்தைச் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தபோது, அது நடந்த காலத்தில் வன்முறைக் குற்றங்களுக்காகக் கைதாவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. ஒரு விளையாட்டால் மட்டும் அது நடக்கவில்லை, வாரா வாரம் நடந்த கூட்டங்களால் நடந்தது.

ராத்திரிப் பேச்சில் கவனம் தேவை. ஒருவன் தான் அடித்த கதையைச் சொல்ல ஆரம்பித்தால் மற்றவர்கள் சிரிப்பார்கள். முன்னால் சொன்ன பரிசு இதுதான். அதனால் பையன்கள் மட்டும் படுக்கும் கூடாரமோ அறையோ எங்களிடம் இல்லை. பெரிய கூடத்தில் எல்லோரும், நடுநடுவே இரண்டு மூன்று அண்ணன்கள். அந்தக் கதை வரும்போது திட்டாமல், சிரிக்காமல், "சரி, அந்தப் பையன் கை இப்ப எப்படி இருக்கு?" என்று கேளுங்கள்.

சில விஷயங்களை நாங்கள் செய்வதில்லை. சிறைச்சாலையைக் காட்டிப் பயமுறுத்துவது வேண்டாம். அமெரிக்காவில் அப்படி நடந்த நிகழ்ச்சிகளை ஆராய்ந்தபோது, போய்வந்த பிள்ளைகள் பிறகு குற்றம் செய்வது கூடியதே தவிரக் குறையவில்லை. மண்டி போட வைப்பது, வெயிலில் ஓட விடுவது, ராணுவ மிடுக்கு, இவையும் வேண்டாம். விளக்கை அணைத்துவிட்டு, சோகப் பாட்டுப் போட்டு, "உன் அம்மா உனக்காக எவ்வளவு கஷ்டப்படுகிறாள்" என்று பிள்ளைகளைக் கதற வைக்கும் பேச்சாளர்களைத் தயவுசெய்து கூப்பிடாதீர்கள். அம்மாவை இழந்த பையன் அந்தக் கூட்டத்தில் இருப்பான். அவர் பேசிவிட்டுப் போய்விடுவார், ராத்திரி மூன்று மணிக்கு அவனோடு உட்கார்ந்திருப்பது நீங்கள்தான்.

திரும்பி வந்த பிறகு

முகாம் முடிந்து இரண்டு நாளில் அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும். அம்மாவிடம் பையன் செய்த நல்ல காரியம் ஒன்றைச் சொல்ல வேண்டும், அவன் எதிரிலேயே. "உங்க பையன் பன்னிரண்டு பேருக்கு ரசம் வெச்சாங்க" என்றால் போதும்.

ஜூன் முதல் வாரம்தான் பையன்கள் நழுவும் நேரம். விடுமுறையில் போன வேலையில் கையில் காசு பார்த்திருப்பான், சீருடை சின்னதாகியிருக்கும், மாற்றுச் சான்றிதழ் வாங்காமல் இருக்கும். 14 வயதுக்குக் கீழ் உள்ளவனை வேலைக்கு வைப்பது சட்டப்படி தவறு, ஆனால் அதை முதலாளியிடம் சண்டையாகத் தொடங்காமல் அம்மாவின் கடனிலிருந்து தொடங்குங்கள். பள்ளி திறக்கும் நாளில் அண்ணன் அரை நாள் விடுப்பு எடுத்துக் கூடவே போவது நல்லது. பத்தாவது முடித்தவனுக்கு ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், மேல்நிலை மூன்றையும் நேரில் கூட்டிப்போய்க் காட்டுங்கள். பட்டறையில் லேத் ஓடுவதைப் பார்த்து முடிவு செய்த பையன்கள் எங்களிடம் உண்டு.

காவல் நிலையத்திலிருந்து போன் வந்தால்

வரும். நிதானமாகப் போங்கள், அம்மாவோடு போங்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவனை லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள், சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். வயதுச் சான்றை, பிறப்புச் சான்றிதழோ பள்ளிச் சான்றிதழோ, நகலெடுத்து ஒவ்வொரு பையனின் கோப்பிலும் வைத்திருங்கள். அன்றைக்கு அதுதான் முதலில் தேவைப்படும். நிலையத்தில் சிறார் நல அலுவலராக நியமிக்கப்பட்டவர் யார் என்று மரியாதையாகக் கேளுங்கள். இலவச சட்ட உதவிக்கு 15100. அவன் செய்தானா இல்லையா என்று அன்றே விசாரிக்காதீர்கள். சாப்பிட்டானா என்று கேளுங்கள். அடுத்த சனிக்கிழமை நாலரை மணிச் சந்திப்பு எப்போதும் போல நடக்கும் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

விலக வேண்டி வந்தால்

எவ்வளவு வாக்கு கொடுத்தாலும் வாழ்க்கை மாறும். திருமணம், மாற்றல், உடம்பு. பையனிடம் குறைந்தது இரண்டு மாதம் முன்பே, நேரில், நீங்களே சொல்லுங்கள். அவன் கோபப்படுவான், அல்லது "சரிணா" என்று சொல்லிவிட்டு மூன்று வாரம் வராமல் இருப்பான். நீங்கள் அந்த மூன்று வாரமும் வந்து நில்லுங்கள். அடுத்த அண்ணனை அந்த இரண்டு மாதத்துக்குள்ளேயே கூட்டி வந்து, மூன்று பேருமாக நாலைந்து முறை சந்தியுங்கள். கடைசி நாளில் அவனுக்குப் பிடித்த இடத்துக்கு, பெரும்பாலும் பஸ் ஏறிக் கடற்கரைக்கு, போங்கள். எப்போது போன் செய்வீர்கள் என்பதைத் தேதியோடு சொல்லுங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு காலை பத்து மணி என்றால், அலாரம் வைத்துக்கொண்டாவது அந்தப் பத்து மணிக்குக் கூப்பிடுங்கள்.